வெள்ளைக் கொடிக்கு வேகம் குறைத்தவர்

நீங்கள் பொய் சொன்னீர்கள். வெள்ளைக் கொடிகளைப் பார்த்துக் குழம்பிப்போனேன் என்று மைக்கில் சொன்னீர்கள். நீங்கள் குழம்பவில்லை. அது சாவு வீட்டுக் கொடி என்று தெரிந்துதான் வேகத்தைக் குறைத்தீர்கள். அன்று எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம்.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். இரத்தினபுரி பஜாரில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவரின் மகன், சர்வதேச ரேலியில் இந்த நாட்டுக்காகக் கார் ஓட்டியவர் என்றால் போதும். மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும்.

நான் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கார்ப் பந்தயத்தைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அது எங்கள் வாசல் வழியாகப் போனது, அவ்வளவுதான்.

அந்தப் போட்டி வருடம் முழுக்க நாடு நாடாகப் போய் நடக்குமாம். ஒரு நாட்டில் மணலில் ஓடுகிறார்கள், இன்னொரு நாட்டில் காட்டுக்குள் ஓடுகிறார்கள். எல்லா இடத்துப் புள்ளிகளையும் கூட்டிக் கடைசியில் ஒருவருக்குப் பெரிய கப் கொடுக்கிறார்கள். அந்த சீசனின் கடைசிச் சுற்று நம் நாட்டில் நடந்தது. அதில் ஒரு துண்டு எங்கள் தோட்டத்து ரோடு. அந்த ரோடு பஸ் வர லாயக்கில்லை என்று எங்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார்கள் வரப்போகின்றன என்றதும் ஒரே வாரத்தில் குழிகளை மூடினார்கள். பஸ் இன்னும் வரவில்லை.

ரோடு மூடப்படும் என்ற அறிவித்தலை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒட்டினார்கள். சிங்களத்தில் இருந்தது, இங்கிலீஷில் இருந்தது. எங்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் வாசிக்க வரும் என்பதால் விஷயம் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவர் பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை இறந்துபோனார். ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொண்டு இறக்கவில்லை.

தம்பி போய்த் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் பேசினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோட்டில் ஒருவரும் இறங்கக் கூடாது, பின்னேரம் ரோடு திறந்தபிறகு பெட்டியைத் தூக்கலாம் என்றார் தொரை. சரி என்றோம். அதற்குமேல் எங்களிடம் எதையும் அவர் கேட்கவில்லை, நாங்களும் எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை தம்பி மூங்கில் வெட்டி, வெள்ளை வேட்டியைக் கிழித்துக் கொடி கட்டினான். மேல் வளைவிலிருந்து எங்கள் லயம் வரைக்கும், அங்கிருந்து இடுகாட்டுப் பாதை வரைக்கும், ரோட்டின் இரண்டு பக்கமும் நட்டான். சாவு விழுந்தால் இங்கே எல்லாரும் செய்வதுதான். தூரத்து உறவுக்காரர் வழி கேட்காமல் வந்து சேருவார்கள். வண்டிக்காரர்கள் ஹோர்ன் அடிக்காமல் மெதுவாகப் போவார்கள். சிங்களவரும் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான். ரேலிக்கு ஒரு ரோடு, சாவுக்கு ஒரு ரோடு என்று தம்பி யோசிக்கவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே ரோடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒரு மார்ஷல் வந்தார். சிங்களவர். கொடிகளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மல்லி, மே கொடி அயின் கரன்ன," என்றார். கழற்றச் சொல்கிறார்.

"சாவு வீட்டுக் கொடிய நான் எப்பிடி கலட்டுவேன்? ஒங்களுக்கு வேணும்னா நீங்க கலட்டுங்க," என்று தம்பி சிங்களத்தில் சொன்னான்.

அவர் ஒரு கம்பைப் பிடித்தார். பந்தலைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். பிறகு வோக்கி டோக்கியில் யாரையோ கூப்பிட்டு, "சேர், மேக்க மளகெதரக்," என்றார். இது சாவு வீடு என்று சொன்னார். கொடிகள் இருக்கட்டும், ஆட்களை மட்டும் உள்ளே தள்ளி நிற்கச் சொல் என்று பதில் வந்தது. எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. மார்ஷல் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் அப்பாவைக் கும்பிட்டார். திரும்பி வந்து ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

முதலில் ஒரு வெள்ளைக்காரரின் கார் வந்தது. வந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டது. கிளம்பிய புழுதியில் பந்தல், பாய், பந்தலுக்கடியில் கிடந்த அப்பா எல்லாம் ஒரே நிறமானது. அடுத்தடுத்து இன்னும் சில கார்கள். தப்பு அடிக்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"அவனுக சத்தத்துக்கு நம்ம தப்பு எடுபடாது. போயி முடியட்டும்," என்றார் ஒருவர்.

"எங்க அண்ணனப் பாக்க வெளிநாட்டுலருந்தெல்லாம் வந்துட்டானுக," என்றாள் அத்தை, முந்தானையால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "எறங்கத்தான் நேரமில்ல பாவம்."

பிறகு உங்கள் கார் வந்தது. அதில் நம் நாட்டுக் கொடி போட்டிருந்ததால் தெரிந்துகொண்டோம். அந்த நேரத்தில் புள்ளிகளில் நீங்கள்தான் முன்னால் என்று ரோட்டுக்கு எதிர்ப்பக்க மேட்டில் நின்ற ரேலி ரசிகர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். மேல் வளைவில் சறுக்கிக்கொண்டு திரும்பினீர்கள். முதல் கொடியைப் பார்த்தீர்கள். இன்ஜின் சத்தம் இறங்கியது. எங்கள் வாசலைக் கொழுந்து லொறி கடக்கும் வேகத்தில் கடந்தீர்கள். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கை எழுந்து நெஞ்சைத் தொட்டது. ஹெல்மெட் குனிந்தது. பக்கத்தில் தாளைப் பார்த்து வளைவுகளை வாசித்துக்கொண்டிருந்தவர் உங்களைப் பார்த்து ஏதோ கத்தினார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. கடைசிக் கொடியைத் தாண்டியதும் மறுபடியும் சீறிக்கொண்டு போனீர்கள்.

"பாத்தீங்களா, நம்ம பஜார் கடைக்காரர் வீட்டுப் புள்ள," என்றாள் அத்தை. அதுவரை அழாதவள் அப்போது அழுதாள். எனக்கும் நன்றாக இருந்தது. இவ்வளவு பேர் அவசரமாகப் போன வழியில் ஒருவர் அப்பாவுக்காக மெதுவாகப் போனார் என்று நினைத்தேன்.

பின்னேரம் அப்பாவை அடக்கம் செய்தோம். கப் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அப்புறம்தான் கேள்விப்பட்டோம். எங்கள் வாசலில் விட்ட நேரம்தான் காரணமாம். பரிசளிப்பு விழாவை போனில் பார்த்தோம். தோட்டத்து ஆட்கள் சிலர் பந்தயத்தைக் கெடுக்கத் திட்டமிட்டுக் கொடி கட்டினார்கள் என்று ஏற்பாட்டுக் குழுச் செயலாளர் பேசினார். சின்னக் கப்பைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். மைக் உங்கள் கைக்கு வந்தது. ஆபத்து அறிவிப்பு என்று நினைத்துக் குழம்பிவிட்டேன் என்றீர்கள்.

மறுநாள், செயலாளர் கொடுத்த முறைப்பாட்டின் பேரில் பொலிஸ் வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது.

"யார் சொல்லிக் கொடி கட்டின?" என்று கேட்டார்களாம்.

"யாரும் சொல்லல சேர். அப்பா செத்துட்டாரு, அதான் கட்டினேன்," என்றானாம்.

அதை நம்புவதற்கு அவர்களுக்குச் சாயங்காலம் ஆனது. ஆளை விட்டார்கள், முறைப்பாட்டை விடவில்லை. தம்பிக்குக் கட்டாரில் லொறி ஓட்ட வேலை கிடைத்திருக்கிறது. போவதற்குப் பொலிஸ் ரிப்போர்ட் வேண்டும். முறைப்பாடு இருக்கும்வரை ரிப்போர்ட் இல்லை. அடுத்த குழு கிளம்புவதற்குள் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று ஏஜென்சி சொல்லிவிட்டது. அந்த மார்ஷல் தானாகவே பொலிஸுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். செயலாளரிடமும் போனோம். ஓட்டினவரே குழம்பிப்போனதாகச் சொல்லும்போது முறைப்பாட்டை எப்படித் திரும்பப் பெறுவது என்று கேட்டார்.

அதனால்தான் உங்கள் கடைக்கு வந்தோம். மரியாதையாகத்தான் பேசினீர்கள்.

"வாங்கக்கா, டீ குடிக்கிறீங்களா?"

"டீ எங்ககிட்டயே இருக்கு. நீங்க எதுக்கு ஸ்லோ பண்ணீங்க?"

கடையாட்களை வெளியே அனுப்பினீர்கள். "தெரிஞ்சுதான் பண்ணேன்க்கா. கொடியப் பாத்ததும் காலு தானா பிரேக்குக்குப் போயிருச்சு. அத எப்பிடி மைக்குல சொல்றது? ரேஸ் காரு ஓட்றியா, பொண வண்டி ஓட்றியான்னு ஸ்பொன்சர்காரங்க கேப்பாங்க. அடுத்த சீசனுக்குக் காரே தர மாட்டாங்க."

"அப்ப என் தம்பிக்கு லொறி?"

"நான் இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட தனியாப் பேசுறேன்க்கா."

"தனியாப் பேசினா அவரு தனியா மறந்துருவாரு," என்றான் தம்பி. "ஊருக்கே கேக்குற மாதிரி திருடன்னு சொல்லிட்டு, காதுக்குள்ள நல்லவன்னு சொல்லாதீங்க அண்ணே."

நீங்கள் மேசையிலிருந்த ஏதோ ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருந்தீர்கள். நாங்கள் எழுந்தோம். வாசலில் உங்கள் கடையாள் தம்பிக்கு உங்கள் படம் போட்ட தொப்பி ஒன்றைக் கொடுத்தார். தம்பி அதை வாங்கி, கவுண்டரில் வைத்துவிட்டு வந்தான்.

உங்களுக்குக் கார் தருகிறவர்களை எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டிலும் என்றைக்காவது ஒரு சாவு விழும். அதை நீங்களே அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் சீசனுக்கும் என் தம்பியின் வேலைக்கும் நடுவில் நிற்பது நீங்கள் சொன்ன ஒரே ஒரு வாக்கியம். அதைத் திருப்பி எடுக்க உங்கள் ஒருவரால்தான் முடியும்.

புதிய சீசன் தொடங்குவதை அறிவிக்கக் கொழும்பில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறீர்களாம். நானும் தம்பியும் வருகிறோம். உள்ளே விடாவிட்டால் வெளியில் நிற்போம். எங்களிடம் கடைக்குள் சொன்னதை அங்கே மைக்கில் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால் ஏன் முடியாது என்பதையாவது அதே மைக்கில் சொல்லுங்கள். எங்கள் வாசலில் நீங்கள் யாருக்காக பிரேக்கை மிதித்தீர்கள்? எல்லார் முன்னாலும் பதில் வேண்டும்.