அம்மை போட்ட வீட்டில் ஊசி

சர்க்கரை நோய் பற்றி என் பெயரில் முதலில் அச்சான கட்டுரையை யாராவது பாராட்டினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். எழுபதுகளின் கடைசியில் அதற்காகத் தா.பழூர் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை போய் நோயாளிகளைப் பார்த்துவந்தேன். சர்க்கரை பணக்காரன் வியாதி, தொந்தி உள்ளவனுக்கு வருவது என்று டாக்டர்களே நம்பிய காலம். எலும்பும் தோலுமான கூலிக்காரர்களுக்கும் சின்ன வயதிலேயே அது வருகிறது, இன்சுலின் இல்லாவிட்டால் அவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்று காட்டுவதுதான் என் ஆய்வு. நானும் பூலாம்பாடி என்ற கிராமத்தில் பிறந்தவன். கிராமத்து ஜனங்களைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற திமிர் வேறு.

விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வருவார்கள். இருவரும் வயல் கூலிகள். அவளுக்குத்தான் சர்க்கரை, வயது பத்தொன்பது. முதல்முறை பஸ்ஸிலிருந்து அவளை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். ஊசி போட ஆரம்பித்த மூன்றாம் மாதம் நடவுக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டாள். அவர் கத்தரிக்காயில் குத்திக் குத்தி ஊசி போடப் பழகினார். கண்ணாடி சிரிஞ்சைத் தினமும் கொதிக்க வைப்பார். மருந்துப் புட்டியை ஈரமணல் பானையில் வைப்பார். "சோறு தவறினாலும் ஊசி தவறாது சார்" என்பார். சோறில்லாமல் ஊசி போடுவதும் ஆபத்து என்று அதற்கும் திட்டுவேன்.

ஒரு சித்திரையில் அவர் மட்டும் வந்தார். துணியில் சுற்றியிருந்த மருந்துப் புட்டியை மேசைமேல் வைத்தார். பாதிக்கு மேல் மருந்து இருந்தது.

"அவங்க வரலியா?" என்றேன்.

"ஆத்தா கூட்டிக்கிட்டா சார். மருந்து வீணாவக் கூடாது, வேற யாருக்காச்சும் ஆவும்னு கொண்டாந்தேன்."

அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகிய அன்றே ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆத்தா இறங்கியிருக்கிற உடம்பில் ஊசி படலாமா? தாகம் தாகம் என்றவளுக்கு இளநீரும் பானகமும் கொடுத்திருக்கிறார்கள்.

"மூணாம் நாளு மூச்ச இழுத்து இழுத்து வுட்டுது சார். வாயில பழவாசம் அடிச்சுது. ஆத்தா வூட்டுக்குள்ளயே இருக்கா, பயப்படாதன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் கும்பிட்டுக்கிட்டே ஒக்காந்திருந்தேன்."

அந்த மூச்சும் அந்த வாசமும் என்னவென்று மருத்துவம் படிக்கும் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். இன்சுலின் நின்றுபோய் ரத்தம் விஷமாகிச் சாகிறவர்களுக்கு வருவது. எனக்குக் கோபம் வந்தது.

"காய்ச்சல் வந்தாலும் ஊசிய நிறுத்தக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே?"

"காய்ச்சலுக்கு நிறுத்தல சார். மாசியில காய்ச்சல் கண்டப்பகூட போட்டேன். இது அம்மைங்களே."

எங்கள் ஊரிலும் அம்மையைக் காய்ச்சல் என்று யாரும் சொன்னதில்லை. அது வியாதியே இல்லை, ஆத்தாவின் வருகை. அந்த ஆய்வில் இருந்த டாக்டர்களில் இதெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. டாக்டராக உட்கார்ந்துகொண்டு மாரியாத்தா பேச்சை எடுக்க எனக்கு வெட்கம்.

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஊசி போட்டிருக்கலாமா சார்? நீங்க முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா கோயில்ல பூப்போட்டு கேட்டிருப்பேன். ஆத்தா உத்தரவு குடுத்திருப்பா."

கொடுத்திருப்பாள். என் அக்காவுக்குக் கண்ணில் அம்மை முத்து போட்டபோது, சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டு, உத்தரவு வாங்கிக்கொண்டுதான் அம்மா அவளைப் பெரம்பலூர் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நானும் கூடவே போயிருந்தேன்.

"போட்டிருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டாங்க. அம்மை கடுமையா இருந்திருக்கு. உங்க தப்பு ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கட்டுரையிலும் அதையே எழுதினேன். ஒரு நோயாளி அம்மை கண்டு இறந்தார் என்று ஒரே வரி. ஊசி நின்றதைப் பற்றி எதுவும் இல்லை. அவரிடம் பொய் சொன்னது அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று. கட்டுரையில் எழுதியது என்னை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று. அதைப் படித்த எந்த டாக்டரும் தன் நோயாளியிடம் அம்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.