மருந்துக்காரி

“அந்த வரிய இன்னொரு வாட்டி படிம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

சந்திரகலா டைரியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். செங்கம் ரோட்டு வாடகை அறையில் அன்று காலை செத்துக் கிடந்த ஹாலந்துக்காரர், அரைகுறை ஆங்கிலத்தில் கிறுக்கி வைத்திருந்த டைரி. ஸ்டேஷனில் யாருக்கும் அந்தக் கையெழுத்து பிடிபடாததால், இங்கிலீஷில் பி.ஏ. படித்த டீச்சர் என்று அவளை வகுப்பிலிருந்தே அழைத்து வந்திருந்தார்கள்.

“எல்லம்மாள் இன்னிக்கும் மருந்து குடுத்தா. ரொம்பக் கசப்பு. மூணு நாளா குடிக்கிறேன்... அவ்ளோதாங்க சார்.”

“அந்த ஆளு பேரு இன்னா?” ஏட்டு ஆதிமூலம் பேனாவை உதறிக்கொண்டே கேட்டார்.

“வில்லம்.”

“வில்லனா? சரியாப் போச்சு. வில்லனுக்கே மருந்து வச்சுட்டாளா!”

சுவரோரம் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்த எல்லம்மாள், அறைகளை வாடகைக்கு விட்டவள், விருட்டென்று எழுந்தாள். “யோவ் ஏட்டு, அது நெலவேம்பு கஷாயம்யா. ஜொரம்னு படுத்துங்கெடந்தான், காச்சி குடுத்தேன். மருந்து வச்சு மயக்க அவன் இன்னா என் புருசனா?”

“ஒக்காருடி” என்றார் இன்ஸ்பெக்டர். “ஏம்மா டீச்சர், கஷாயம்னு எழுதியிருக்கானா?”

“இல்லீங்க சார். மெடிசின்னு இருக்கு.”

“தமிழ்ல அது இன்னா?”

“மருந்து.”

“எழுதிக்கய்யா.”

“அடியே கலா!” எல்லம்மாள் கத்தினாள். “போன ஐப்பசில ஜொரம்னு நீயுந்தான குடிச்ச? சொல்லேன்டி! வாய்ல இன்னா, கொழக்கட்டையா?”

உண்மைதான். ஐப்பசி மழையில் சந்திரகலா ஒரு வாரம் காய்ச்சலில் கொதித்துக் கிடந்தபோது, அடுத்த தெருவிலிருந்து தினமும் டம்ளரை முந்தானையால் மூடி எடுத்து வந்து, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தவள் எல்லம்மாள்தான். ஆனால் இன்ஸ்பெக்டர் அதைக் கேட்கவில்லை. சந்திரகலா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வளர்ந்தவள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது பீரியடுக்குப் பள்ளிக்கூடம் திரும்பிவிட்டாள்.

இந்த ஊரில் மருந்து கொடுப்பது வேறு, மருந்து வைப்பது வேறு. டாக்டர் சீட்டில் எழுதுவதும் மருந்து, சோற்றில் கலந்து ஆளைச் சாய்ப்பதும் மருந்து. ஹாலந்துக்காரருக்குக் கஷாயத்துக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. சந்திரகலாவுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. 1978-ல் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லம்மாளைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

எல்லம்மாள் கீழ்பென்னாத்தூர் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை பறித்து வளர்ந்தவள். புருஷன் சடையன் லாரியோடு பெங்களூர் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவள் அழவில்லை, இரண்டு அண்டாவையும் ஒரு அம்மியையும் மாட்டுவண்டியில் ஏற்றி இந்த ஊருக்கு வந்தாள். ஓட்டு வீடு ஒன்றைப் பிடித்து மூன்று அறைகளை உள்வாடகைக்கு விட்டாள். ஆசிரமத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரி, ரிட்டயரான வங்காளி, நெல்லூர்த் தம்பதி என்று எல்லோரும் அவள் சமையலைத்தான் சாப்பிட்டார்கள். அவள் வசவும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பிரெஞ்சுக்காரி சோற்றை அளைந்தால், “துன்றியா, இல்ல பருக்கைய எண்றியா?” என்பாள். நெல்லூர்க்காரர் தாமதமாக வந்தால், “தின்டாவா லேதா?”, தின்கிறாயா இல்லையா என்று தெலுங்கிலேயே கேட்டுக் கரண்டியை ஓங்குவாள். அவள் கைக்குழம்புக்காக எல்லோரும் அந்த வாயைப் பொறுத்துக்கொண்டார்கள்.

ஏழு மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து ரிப்போர்ட் வந்தது. வயிற்றில் விஷம் எதுவும் இல்லை, இதயம் நின்றிருக்கிறது. அவளை விட்டுவிட்டார்கள். “போய்ப் பொழச்சிக்கோ” என்று ஏட்டு அவள் வீட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டார்.

வீட்டுச் சுவரில் கரியால் ‘மருந்துக்காரி’ என்று எழுதியிருந்தது. சுண்ணாம்பு அடித்தாள், மறுவாரம் இன்னும் பெரிதாக எழுதியிருந்தார்கள். அறைகள் காலி. குழாயடிக்கு அவள் வந்தால் மற்ற பெண்கள் தங்கள் குடங்களைக் கையால் மூடிக்கொண்டார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குச் சுண்டல் கொண்டுபோனாள். பூசாரி வாங்கி ஓரமாக வைத்தார். சாயங்காலம் அது நாய்களுக்கு முன்னால் கிடந்தது. நாய்கள் தின்றுவிட்டு நன்றாகத்தான் திரிந்தன. அவற்றை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆக்கிப் போடுவதைத் தவிர எல்லம்மாளுக்கு வேறு பிழைப்பு தெரியாது. யாராவது ஒருவர் அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் அந்த ஊரில் அவளுக்கு இடமில்லை.

சந்திரகலா அந்தத் தெருவை விட்டுவிட்டுச் சுற்று வழியில் பள்ளிக்கூடம் போய்வந்தாள். ஒருநாள் மணியடித்து வெளியே வந்தபோது கேட்டருகே எல்லம்மாள் நின்றிருந்தாள். இளைத்திருந்தாள், பார்வை மட்டும் அப்படியே குத்தியது.

“இன்னா டீச்சரு, வேங்கிக்கால் வரைக்கும் சுத்திக்கினு போறியாமே. செருப்பு தேஞ்சுடப் போவுது.”

“அக்கா... நான் வேணும்னு...”

“வேணும்னு சொல்லியிருந்தாக்கூட தேவலயே. கேக்கலன்னு சொல்லாம வுட்ட பாரு, அதான் வயிறு எரியுது.”

அந்தப் பக்கம் வந்த இரண்டு பெண்கள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். எல்லம்மாள் அவர்கள் போகும்வரை பார்த்துவிட்டுக் காறித் துப்பினாள்.

“ஸ்டேஷனுக்கு வந்து எழுதித் தரேன்க்கா” என்றாள் சந்திரகலா. “கஷாயந்தான், நானும் குடிச்சேன்னு.”

“எழுதறியா? நீ ஒருவாட்டி எழுதினதே போதும்மா தாயி. ரிப்போர்ட்டு கூடத்தான் எழுதிக் குடுத்தாங்க. அதக் காட்டினா எவன் துன்றான்?”

“வேற நான் இன்னாக்கா பண்ணட்டும்?”

எல்லம்மாள் கிட்டே வந்தாள். முதல்முறையாகக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

“வர ஞாயித்துக்கெழம மத்தியானம் என் வூட்டுக்கு வா. உள்ள வேணாம், வாசல்ல எல போடறேன். பஸ்ஸுல போறவன்கூட பாக்கணும். சோத்தப் பெசஞ்சிகினே ஒக்காந்துங்கெடக்காத, துன்னு. துன்னுட்டு, பத்தல, இன்னும் போடுங்கன்னு ரெண்டாவது வாட்டி கேளு. சத்தமா கேளுடி.”