எல்கை மூஸாவும் முந்நூறு ரூபாய் டிக்கெட்டும்

எங்கள் ஊர்க் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு டிக்கெட் அடித்துக் கொடுப்பது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, 'சேரன் பெரிய யோக்கியன் மாதிரி எழுதியிருக்கான், டிக்கெட் அடிச்சது அவன் கடையிலதானே' என்று கேட்கக் கூடாது. வேதாரண்யம் போகிற சாலையில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பந்தய நோட்டீஸ், பேனர், டிக்கெட் எல்லாம் ஏழு வருஷமாக என்னிடம்தான். முதல் வருஷம் இருபது ரூபாய். அடுத்த வருஷம் ஐம்பது. அப்புறம் நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று ஏறி இந்த வருஷம் முந்நூறில் நிற்கிறது. நிழலில் நாற்காலி வேண்டுமென்றால் ஆயிரம். நான் கம்ப்யூட்டரில் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தேன். ஏன் என்று ஒரு வருஷமும் கேட்கவில்லை.

சொல்ல வந்தது மூஸா பாயைப் பற்றி. வயது அறுபத்தொன்று. உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றுகிற லோடு ஆட்டோ அவருடையது. ஊரில் அவர் பெயர் எல்கை மூஸா.

காணும் பொங்கலன்று வண்டிகள் ஊரிலிருந்து கிளம்பி, ஐந்து மைல் ஓடி, எல்கைக் கல்லைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கல்லுக்குப் போகாமல் பாதியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டு, ஜெயித்தேன் என்று மார்தட்டிய மகராசன்களும் இருந்திருக்கிறார்கள். அதனால் கல்லடியில் ஓர் ஆள் நின்று, சுற்றி வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிவப்புத் துணி கொடுப்பார். அந்தத் துணி இல்லாமல் வருகிற வண்டி, முதலில் வந்தாலும் வராத மாதிரிதான். வடக்குத் தெருவிலும் குதிரை உண்டு, தெற்குத் தெருவிலும் உண்டு. ஒரு தெருக்காரன் கல்லடியில் நின்றால் மற்றத் தெருக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான். ஆகவே இரண்டிலும் சேராத பள்ளிவாசல் தெருவிலிருந்து மூஸாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். இருபத்து நாலு வருஷம் நின்றார். அவர் கொடுத்த துணியைப் பற்றி ஒரு சச்சரவும் வந்ததில்லை. அவ்வளவு நாணயமான மனிதர்.

இதில் ஒரு சங்கடம். கல்லடியில் நிற்கிறவர் பந்தயத்தின் முடிவைப் பார்க்க முடியாது. கடைசி வண்டிக்கும் துணி கொடுத்து, ஆம்புலன்ஸோடு அவர் ஊருக்குத் திரும்பும்போது பரிசளிப்பே முடிந்திருக்கும். குதிரை என்றால் உயிரை விடுகிற மனிதர், அந்த இருபத்து நாலு வருஷத்தில் முடிவுக் கோட்டை ஒரு குதிரை தாண்டுவதை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. கண்ணாக இருந்தது அவர் மனைவி ஹலீமா.

வீட்டுக்கு வந்ததும் காலைக்கூடக் கழுவாமல், "சொல்லு" என்பார். ஹலீமா சொல்லும். எந்தக் குதிரை எவ்வளவு நுரை தள்ளியது, எந்த சாரதியின் வேட்டி அவிழ்ந்தது, யார் யாரைக் கட்டிக்கொண்டு அழுதார் எல்லாம் வரும். மறுநாள் மூஸா என் கடைக்கு வந்து, தானே பார்த்த மாதிரி அதை எல்லோருக்கும் சொல்வார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ரெத்தினத்தின் வெள்ளைக் குதிரை கோட்டைத் தாண்டியதும் முன்னங்காலை மடக்கி விழுந்துவிட்டது, ரெத்தினம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று சொன்னார். நான் அன்றைக்கு முடிவுக் கோட்டுப் பக்கத்திலேயே இருந்தவன். குதிரை விழவுமில்லை, ரெத்தினம் அழவுமில்லை. பந்தயம் முடிந்ததும் நேராகப் போய் சோடா குடித்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பழைய நாளில் முடிவுக் கோடு மெயின் ரோட்டிலேயே, குளத்தங்கரையில் இருந்தது. யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். மெயின் ரோட்டில் கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டதால் ஏழு வருஷத்துக்கு முன் அதைத் தென்னந்தோப்புத் திடலுக்கு மாற்றினார்கள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் பச்சை வலை. வாசலில் டிக்கெட். அந்தக் கமிட்டிக் கூட்டத்தில் டிக்கெட் வேண்டாம் என்று பாதிப் பேர் முறுக்கிக்கொண்டு நின்றபோது, எழுந்து பேசி ஒத்துக்கொள்ள வைத்தது மூஸாதான். கமிட்டித் தலைவர் நெடுஞ்செழியன் அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதர். அவர் பேச்சை மூஸா தட்ட மாட்டார்.

ஒவ்வொரு வருஷமும் விலை ஏறும்போது பள்ளிவாசல் தெருப் பெண்கள் முணுமுணுப்பார்கள். மூஸா சண்டைக்கே போவார். "ஆம்புலன்ஸ் சும்மா வருதா? தண்ணிப் பந்தல் சும்மா வருதா? குடுக்க மனசில்லாதவங்க வீட்டுல உக்காந்து டிவி பாருங்க" என்பார். ஹலீமா பக்கத்தில்தான் நிற்கும். இவருக்கென்ன, கல்லடியில் நிற்கிறவருக்கு டிக்கெட் கிடையாது.

இந்த வருஷம் கமிட்டியில் ட்ரோன் வாடகைக்கு எடுத்தார்கள். கல்லை யார் சுற்றினார்கள் என்று மேலேயிருந்து அதுவே படம் பிடித்துவிடுமாம். நெடுஞ்செழியன் மூஸாவின் தோளில் கை போட்டு, "பாய், இத்தனை வருஷம் வெயில்ல நின்னது போதும். இந்த வருஷம் எங்கூட உக்காந்து முடிவைப் பாருங்க. மேடையில உங்களுக்குப் பொன்னாடை" என்றார். மூஸாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பொன்னாடை ஒரு பக்கம் கிடக்கட்டும்; முடிவைப் பார்க்கப் போகிறோமே என்பதுதான் சந்தோஷம். ஒரு வாரம் அதே பேச்சு. ஹலீமாவும் கூட வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "நீங்க போய்ட்டு வாங்க, எனக்குத் தலைவலி" என்று அது சொல்லிப் பார்த்திருக்கிறது. விடவில்லை.

பந்தயத்தன்று திடல் வாசலில் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று போன் வந்து, இன்னொரு கட்டு எடுத்துக்கொண்டு நான் போனேன். அப்போதுதான் அவர்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். மூஸா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். வாசலில் கறுப்பு டீ ஷர்ட் போட்ட வெளியூர் ஆட்கள்.

"டிக்கெட் காட்டுங்க."

"நான் எல்கை மூஸா."

"சரிங்கய்யா. டிக்கெட் இருக்கா, பாஸ் இருக்கா?"

மூஸா சிரித்துக்கொண்டே நெடுஞ்செழியனுக்குப் போன் போட்டார். "வர்றேன், அங்கயே இருங்க" என்று பதில் வந்தது. நின்றோம். வலையோரம் அவித்த கடலை விற்கிற மலர்க்கொடி, ஹலீமாவைப் பார்த்துவிட்டு உரிமையோடு கூப்பிட்டது.

"என்னக்கா, இன்னிக்கு இவ்ளோ நேரம்? உங்க நாற்காலிய யாரும் எடுக்காம நான்தான் காவல் காத்துக்கிட்டிருக்கேன்."

வலைக்கு வெளியே, பூவரச மரத்தடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. மூஸா அதைப் பார்த்தார். ஹலீமாவைப் பார்த்தார்.

"எந்த நாற்காலி?"

மலர்க்கொடிதான், தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று புரியாமல், "ஆறு வருஷமா அக்கா இங்கதானே உக்காரும். மைக்ல சொல்றதக் கேட்டுக்கிட்டு" என்றது.

"நீ உள்ள போகலியா?"

"முத வருஷம் போனேங்க. இருபது ரூவா. அடுத்த வருஷம் ஹுமைராவையும் அஃப்ரீனையும் கூட்டிட்டு வந்தேன். ஆளுக்கு அம்பதுன்னாங்க. பேத்திங்களை வெளியில நிறுத்திட்டு நான் மட்டும் போவேனா? இந்தப் பக்கமே நின்னுட்டோம். அதுக்கப்புறம் அதுங்களும் வர்றதில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டிக்கெட் நியாயம்னு ஊர் பூரா சொன்னது நீங்கதானே. குடுக்க மனசில்லாதவ வீட்டுல கெடன்னு சொன்னீங்க. என் புருஷன் சொன்னதுக்கு எதிரா, எங்கிட்ட காசில்லன்னு நான் எந்த வாயால சொல்றது?"

"அப்ப வெள்ளைக் குதிரை விழுந்தது?"

"விழுந்திருக்கும்னு நெனச்சேன். உள்ள அப்படி ஒரு சத்தம் வந்துச்சு. நீங்க கதைக்காகக் காத்துக்கிட்டிருப்பீங்களேன்னு..."

பிறர் வண்டி கல்லைச் சுற்றியதா இல்லையா என்று பிழையில்லாமல் சாட்சி சொன்னவர், தன் வீட்டில் ஆறு வருஷமாகப் பொய்யைக் கேட்டு ஊருக்கெல்லாம் பரப்பியிருக்கிறார். அவமானம் அவருக்கு. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றார். எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கையில் டிக்கெட் கட்டு வேறு.

அந்த நேரம் பார்த்து நெடுஞ்செழியன் வந்தார், கையில் ஒரே ஒரு பாஸோடு.

"வாங்க பாய், வண்டி திரும்பிருச்சாம். சீக்கிரம்" என்று பாஸை மூஸாவின் கழுத்தில் மாட்டினார். பிறகு ஹலீமாவிடம் திரும்பி, "தங்கச்சி வழக்கம்போல நிழல்ல உக்காரட்டும். நாற்காலி போடச் சொல்லிருக்கேன்ல" என்றார். கனிவாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

மூஸா பாஸைக் கையில் பிடித்துக்கொண்டார். "அப்ப இவ வெளியில நிக்கிறது உங்களுக்குத் தெரியும்."

"தெரியாம என்ன? நான்தான் பாவம்னு நாற்காலி போடச் சொன்னேன். ஒரு ஆளை விட்டா தெருவே வந்து நிக்கும் பாய். கமிட்டின்னு ஒண்ணு இருக்குல்ல. உங்களுக்குத் தெரியாததா?"

"உங்க பேச்சைக் கேட்டு என் தெருவையே நான் பகைச்சுக்கிட்டேன், செழியன்."

"இப்ப அதெல்லாம் பேச நேரமா? வர்றீங்களா இல்லையா?"

மூஸா பாஸைக் கழற்றி அவர் கையில் வைத்தார். நெடுஞ்செழியன், "உங்க இஷ்டம்" என்று வேகமாக உள்ளே போனார்.

சற்று நேரத்தில் உள்ளே பெருங்கூச்சல் எழுந்தது. குதிரைகள் கோட்டைத் தாண்டிவிட்டன. மூஸா வலைப் பக்கம் திரும்பவே இல்லை. இருபத்து நாலு வருஷம் ஆசைப்பட்ட காட்சி, இருபது அடிக்கு அந்தப் பக்கம் நடந்து முடிந்தது. பிறகு மைக்கில் அறிவிப்பு வந்தது.

"எல்கை நாயகர் மூஸா அவர்கள் உடல்நலக் குறைவு காரணமாக விழாவுக்கு வர இயலவில்லை என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறோம். அவருக்கான பொன்னாடையை, ட்ரோன் இயக்க தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் தம்பிக்கு அணிவிக்கிறோம்."

ஹலீமாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பொய் சொல்றாங்களே" என்றது.

"அதை நீ சொல்லாத" என்றார் மூஸா.

அவர் முன்னால் நடந்தார். ஹலீமா பத்தடி பின்னால் போயிற்று. நான் டிக்கெட் கட்டை வாசலில் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். கொடுக்காமல் வந்திருக்கலாம். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. மூஸா பாய் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், கடைக்கு வருகிறார், டீ குடிக்கிறார். பந்தயப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். அது பரவாயில்லை. போன வாரம் ரேஷன் அட்டை ஜெராக்ஸ் எடுக்க இரண்டு பேரும் வந்திருந்தார்கள். எதிரே பார்த்த ஹலீமா, "நாகப்பட்டினம் பஸ் வந்துருச்சுங்க" என்றது. மூஸா தலையைத் தூக்காமல், "நீ பாத்தியா?" என்று கேட்டார்.

பஸ் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. ஹலீமா, "பாத்தேங்க" என்றது. அவர் எழுந்து வெளியே போய், தானும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.