கூறைச் சேலைக்குக் கைதட்டல்

அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மலாக்கா பக்கம் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது, கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் காரில் வந்து இறங்கினார். ஆடை வடிவமைப்பவர், தமிழ்ப்பெண்தான். மலாக்கா டவுனில் ஒரு மியூசியத்தில் சேலைகளை வைத்து ஏதோ கலை நிகழ்ச்சி நடத்தப் போகிறாராம். வீடு வீடாகப் போய்ப் பழைய சேலை கேட்டார்.

மியூசியத்தில் பழையது என்றால் அம்மாவுக்கு ஒரே அர்த்தம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்ப்பார்கள். பழையதில் உயர்ந்ததைத்தானே அங்கே கொடுக்க முடியும்? பெட்டியைத் திறந்து தன் கல்யாணக் கூறைச் சேலையை எடுத்து வந்தார். அரக்குச் சிவப்பு. அன்றைக்கு மூலையில் தடவிய மஞ்சள்கூட மாறவில்லை. அப்பாவுக்கு முன்னால் தான் போய்விட வேண்டும், போகும்போது அதைத்தான் போர்த்தி அனுப்ப வேண்டும் என்று எங்களிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தார்.

"பத்திரமா வெச்சிக்கம்மா. முடிஞ்சோன குடுத்துரு லா," என்றார்.

அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டினார். எதைக் கேட்டுத் தலையாட்டினாரோ, அவருக்கே வெளிச்சம்.

நிகழ்ச்சி நாளன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். உள்ளே கண்ணாடிப் பெட்டியைத் தேடினோம். அப்படி எதுவும் இல்லை. நீளமாக ஒரு மேடை, சுற்றிலும் நாற்காலி. முதலில் வடிவமைப்பாளர் ஆங்கிலத்தில் பேசினார். துணியைத் தூக்கி எறியும் பழக்கத்தை மக்கள் விட வேண்டுமாம்.

யார் தூக்கி எறிந்தது? எங்கள் வீட்டில் நைந்த சேலை தொட்டிலாகும். தொட்டில் தாங்காது என்றானதும் அம்மா அதைக் கிழித்துப் பால்மரம் வெட்டப் போகும்போது தலையில் கட்டிக்கொள்வார். அப்புறம் அடுப்பங்கரையில் கரித்துணி. இதற்கெல்லாம் எங்களுக்கு யாரும் மைக் கொடுக்கவில்லை.

பேச்சு முடிந்ததும் ஒல்லியாக ஒரு பெண் மேடைக்கு வந்தாள். கறுப்பு உடைக்கு மேலே உடம்பெல்லாம் பட்டை பட்டையாக வெட்டிய சேலைத் துணி. இடுப்பில் தொங்கிய பட்டையில் மஞ்சள் மூலை தெரிந்தது. நான் திரும்பியபோது அம்மா ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மேடை நடுவில் நின்று, ஒவ்வொரு பட்டையாகப் பிய்த்துக் கீழே போட ஆரம்பித்தாள்.

அம்மா எழுந்தார். அப்பா கையைப் பிடித்தார். உதறிவிட்டு அம்மா மேடை ஏறினார். குனிந்து, தன் சேலைத் துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். அழவில்லை.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இதுவும் நிகழ்ச்சி என்றே நினைத்துவிட்டார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

வெளியே வரும்போது வடிவமைப்பாளர் பின்னாலேயே ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அது என் அம்மாவின் கூறைச் சேலை என்று கத்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்ட்டி, ரொம்ப நல்லா இருந்துச்சு. நாளைக்கும் ஷோ இருக்கு, இதே மாதிரி வந்து செய்றீங்களா?"

அம்மா கையை விடுவித்துக்கொண்டார்.

"நாளைக்கு யாரு தாலிய அறுக்கப் போறம்மா?"