மைதானம் தந்த வள்ளல்

கிரவுண்டை அவர்தான் ஊருக்குக் கொடுத்தார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கொடுக்கவில்லை. கொடுத்ததாக நாங்கள் ஒரு பேனர் கட்டினோம், அவ்வளவுதான். அந்தத் துணியை நம்பி இத்தனை வருசமாக ஒரு ஊரே பேசிக்கொண்டு திரிகிறது. காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. அது ஏற்கெனவே ஒரு போர்டில் ஆள் உயரத்துக்கு இருக்கிறது, நான் வேறு எழுத வேண்டாம். அப்போது எல்லோரும் முதலாளி என்றோம். இங்கேயும் அதுவே போதும்.

ஊருக்கு வெளியே, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற ஜின்னிங் பேக்டரி வைத்திருந்தார். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் பருத்தியெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். அதில் இலையும் தூசியும் பொறுக்கிப் போடுகிற வேலை பெண்களுக்கு. நானும் பொறுக்கினேன். ஷெட்டுக்குப் பின்னால் அவருடைய காலி நிலம் கிடந்தது. அதைச் சமப்படுத்தி, செம்மண் அடித்து, இரும்புக் குழாயில் இரண்டு பக்கமும் கோல் போஸ்ட் நட்டு, புட்பால் டீம் ஒன்று ஆரம்பித்தார். ஆடத் தெரிந்தவனுக்குப் பேக்டரியில் வேலை. பகலில் பொதி தூக்க வேண்டும், சாயங்காலம் பந்து ஆட வேண்டும். எங்க வீட்டுக்காரர் அப்படி வேலைக்குச் சேர்ந்தவர்தான். கோலி, அதாவது கோல் காக்கிறவர்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் இல்லை என்றால் அந்த டீம் இல்லை. தோல் பந்து, பூட்ஸ், நீலப் பனியன் எல்லாம் அவர் வாங்கிக் கொடுத்தது. மேட்ச் இருக்கிற நாளில் மெஷினைச் சீக்கிரம் நிறுத்தச் சொல்வார். நாங்கள் பொம்பளைகள் லாரியில் பொதி ஏற்றுகிற மேடையில் வரிசையாக உட்கார்ந்து பார்ப்போம். மேடையில் இருந்து பார்த்தால் கிரவுண்டு முழுக்கத் தெரியும். எது கார்னர், எவன் கள்ள ஆட்டம் ஆடுகிறான், எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. என்கூட வேலை பார்த்த மதினி ஒருத்தி இருந்தாள். சொந்தம் இல்லை, பழக்கத்தில் மதினி. அவள் போடுகிற சத்தத்துக்கு ரெப்ரியே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "என்ன பாக்கீரு? கண்ணு அங்கன இருக்கணும்வே!" என்றாள். மேடையே குலுங்கிச் சிரித்தது. எங்க வீட்டுக்காரர் ஒரு பெனால்டியைப் பாய்ந்து பிடித்த அன்றைக்கு நானும் எழுந்து நின்று கத்தினேன். நான் அப்படிக் கத்தக் கூடியவள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் அவர் கணக்கில் வரவு. இனி மற்றதைச் சொல்கிறேன்.

வெளியூர் மேட்ச்சுக்குப் பேக்டரி லாரியில்தான் போவார்கள். ஜெயித்தால் அதே லாரியில் பாட்டும் கூத்துமாகத் திரும்பலாம். தோற்றால் லாரி காலியாக வரும். ஆடினவர்கள் நடந்து வர வேண்டும். அது முதலாளி போட்ட சட்டம். திருவேங்கடத்தில் ஒரு மேட்ச். எங்க வீட்டுக்காரர் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து, கால்முட்டு போஸ்டில் அடித்துவிட்டது. அந்த மேட்ச்சில் தோற்றார்கள். "மொதலாளி, கோலிக்கு மட்டும் லாரியில எடம் குடுங்க" என்று மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். "சட்டம்னா எல்லாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். காலி லாரி அவர் காருக்குப் பின்னால் புழுதி கிளப்பிக்கொண்டு போனதாம். அவ்வளவு தூரமும் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு நடந்து வந்தார். முட்டு பூசணிக்காய் மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவில்லை, ஆட்டமும் முடிந்தது. முதலாளி கேட் வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்தார். அதற்கும் ஊர் அவரைத்தான் புகழ்ந்தது.

புகழ்ந்தவர்களில் பாதிப் பேர் டீக்கடைக்காரர்கள். டீக்கடை நடத்துகிறவர்களைச் சொல்லவில்லை, அதில் உட்கார்ந்திருக்கிறவர்களைச் சொல்கிறேன். தோற்றால் நடக்கிற கதையை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள். "அந்த நடையிலதாம்வே நம்ம டீம் உருப்பட்டுச்சு!" நடந்தது இவர்கள் கால் இல்லையே.

ஆட முடியாமல் போனாலும் கிரவுண்டை விட எங்க வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் கேட் வேலை முடிந்ததும் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார். பேக்டரி ஆட்களின் பிள்ளைகள், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வரும். காலை இழுத்து இழுத்து ஓடி, பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார். பகல் முழுக்க கேட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஆளும் அந்த ஆளும் ஒரே ஆளா என்று இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவர் மிச்சப் பொழுதைக் கழித்தார் என்று எனக்குத் தெரியும்.

ஊரில் டிவி வர ஆரம்பித்த சமயம், முதலாளி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போகிறார் என்று பேச்சு வந்தது. பேக்டரியை வேறு ஒருவர் வாங்கிவிட்டார், வேலை போகாது. ஆனால் கிரவுண்டு அந்தக் கிரயத்தில் சேரவில்லை. அது அவர் பேரிலேயே இருந்தது. அதை என்ன செய்யப் போகிறார் என்பதுதான் கேள்வி. எங்க வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை.

ரசிகர் மன்றம் மாதிரி ஒரு கமிட்டி இருந்தது. அதற்குச் செக்ரட்டரி ஜவுளிக்கடை அண்ணாச்சி. எங்கள் வேதக்கோயிலில், சர்ச்சில்தான், எங்களுக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர். கமிட்டிக்காரர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து பேசினார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நேரே போய்க் கேட்டுருவோமே, கிரவுண்ட ஊருக்கு எழுதிக் குடுங்கன்னு" என்றார் எங்க வீட்டுக்காரர்.

"நீரு ஒரு வெவரம் இல்லாத மனுசம்வே" என்றார் அண்ணாச்சி. "பெரிய மனுசன்கிட்ட மொகத்துக்கு நேரே கேட்டா முறுக்கிக்கிடுவாரு. நம்ம கோயில்ல என்ன பண்ணுதோம்?"

கோயிலில் என்ன பண்ணுவோம் என்று எல்லோருக்கும் தெரியும். யாராவது ஒரு சீலிங் பேன் வாங்கித் தருவதாக வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். பேன் வருவதற்கு முந்தியே, இன்னார் உபயம் என்று பேரை எழுதி, ஆராதனையில் அறிவித்து, கையும் தட்டிவிடுவார்கள். அந்த மனுசன் கூச்சத்திலேயே அடுத்த வாரம் பேனோடு வந்து நிற்பார். டியூப் லைட், மணிக் கயிறு, பாய் எல்லாம் எங்கள் கோயிலுக்கு அப்படி வந்ததுதான்.

"அதே வழிதான்" என்றார் அண்ணாச்சி. "பிரிவு உபசார விழா வைப்போம். மைதானம் தந்த வள்ளல்னு பேனர் கட்டிருவோம். குடுத்தாச்சுன்னே பேசிருவோம். அம்புட்டு சனத்துக்கு முன்னால, நான் குடுக்கலன்னா சொல்லுவாரு? மறுநாளே பத்திரம் எழுதிருவாரு பாரும்."

எல்லோருக்கும் அது பெரிய மூளையாகத் தெரிந்தது. மாலை போட எங்க வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய கோலி, நொண்டிக் காலோடு மேடை ஏறினால் முதலாளி மனசு இளகுமாம்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். "நீங்களா மாலை போடப் போறீய?"

"போடச் சொல்லுதாவ."

"அந்தக் கால வச்சிக்கிட்டா? அந்த ஆளுக்கா?"

"காலு போனது போச்சு. கிரவுண்டு கெடைக்கணும்லா."

பருப்புச் சட்டியைக் கொஞ்சம் பலமாக இறக்கி வைத்தேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிரவுண்டிலேயே நடந்தது. பஞ்சுப் பொதிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு மேடை. பின்னால் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து: மைதானம் தந்த வள்ளலே, வாழ்க. ஆம்பிளைகள் முன்னால், நாங்கள் வழக்கம் போலப் பொதி ஏற்றுகிற மேடையில். எங்க வீட்டுக்காரர் மடங்காத காலைப் பக்கவாட்டில் தூக்கித் தூக்கி வைத்து ஏறினார். ரோஜா மாலை, நம்ம ஊர்ப் பூ. முதலாளி குனியக்கூட இல்லை. இவர் எட்டிப் போட்டார்.

பிறகு முதலாளி திரும்பிப் பேனரைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு தரம் வாசித்தார், சிரித்தார், போட்டோக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். எழுத்து முழுக்கத் தெரிகிற மாதிரி தள்ளி நின்று, செக்ரட்டரி தோளில் கை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார்.

அப்புறம் மைக்கைப் பிடித்தார். இந்த மண், இந்த மக்கள், என் உயிர் இங்கேதான் இருக்கிறது என்றெல்லாம் பேசினார். பத்திரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. முடித்துக் கும்பிடப் போகும்போது எங்கள் மேடையில் இருந்து மதினி எழுந்தாள்.

"மொதலாளி! கிரவுண்டு பத்திரம் என்னைக்கு எழுதுதீய?"

கூட்டம் அப்படியே திரும்பியது. கோழியை விரட்டுகிற மாதிரி ச்சூ ச்சூ என்றார்கள். "ஏட்டி, உக்காரு!" "எவ அவ? கோட்டி பிடிச்சவ!" அண்ணாச்சி மைக்கைப் பிடுங்கி, "பெண்கள் பகுதியில் அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்றார். அத்தனை ஆம்பிளைகளும் மனசுக்குள் வைத்திருந்த கேள்வி அது. அதைத்தான் அடக்கினார்கள். எங்க வீட்டுக்காரர் மட்டும் மதினியைப் பார்த்தார், அப்புறம் முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி கையை உயர்த்தினார். "நம்ம பிள்ளைகளுக்கு இல்லாததா?" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கிரவுண்டு வந்துவிட்டது என்று கேசரியும் கொடுத்தார்கள்.

அந்த வருச மழைக்கு முன்னால் சர்வே கல் நட்டார்கள். பிளாட் போட்டு விற்றாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. விழா நடந்த அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறியிருந்ததாம். இரும்புப் போஸ்டைக் கூட விடவில்லை. அறுத்து, எங்க வீட்டுக்காரர் காவல் இருந்த கேட் வழியாகவே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்தான் கேட்டைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

இதற்குப் பிறகாவது அந்த டீக்கடையில் உண்மை பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசினார்கள். "குடுக்கதாத்தான் இருந்தாரு. பொம்பள ஒருத்தி சபையில எழும்பி மானத்த வாங்கிட்டா. அதுல கோவிச்சிக்கிட்டாரு." ஒருத்தர் சொல்ல, பத்துப் பேர் தலையாட்ட, அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது. விற்றவன் வள்ளல். கேட்டவள் கெடுத்தவள். மதினி தெருவில் போனால் "கிரவுண்ட முழுங்கினவ வாரா" என்று விடலைகள் கூவும். அவள் சும்மா விடுகிற ஆள் இல்லை. "ஆமாலே, முழுங்கிட்டேன், இன்னும் செரிக்கல, ஓங்கப்பன வந்து மருந்து குடுக்கச் சொல்லு!" என்பாள். ஆனால் வேலைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பருத்தி பொறுக்கும்போது அவள் வாய் திறக்க மாட்டாள். அதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் அண்ணாச்சி யாரிடமோ அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, அவ கேட்டதுனால போகல. ஆம்பளைய அத்தன பேரு இருந்தும் ஒருத்தரும் கேக்கல. அதான் போச்சு."

அவர் சிரித்தார். "நீயுமா பேச ஆரம்பிச்சிட்ட?" என்று கேட்டார். மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கோல் போஸ்ட் இருந்த பக்கத்தில் ஒரு பிளாட் வாங்கியிருந்த விசயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டு முன்னறையில் அந்தப் போட்டோவைப் பெரிசாக்கி மாட்டியிருந்தார். மஞ்சள் துணி, சிவப்பு எழுத்து. பார்க்கிறவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்?

எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நாள் தெருவில் வைத்துச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். ஓட்டுக் கூரையில் பந்து விழுந்து சண்டை வந்தது. பிள்ளைகளும் குறைந்து போனார்கள். பிறகு அவர் சாயங்காலமும் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். சாகிற வரைக்கும் முதலாளியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அதற்காகவும் எனக்குக் கோபம்தான். அவருக்கும் சேர்த்து நான் ஒருத்தி எத்தனை வருசம் கோபப்படுவது?

பிளாட் போட்ட இடத்துக்கு அந்த முதலாளியின் பேரையே வைத்திருக்கிறார்கள். இன்னார் நகர். ஆர்ச் வைத்து, மேலே லைட்டும் எரிகிறது. என் மகள் வீடு அதைத் தாண்டித்தான். ஆட்டோக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள், "எங்க போணும் ஆச்சி?"

"கிரவுண்டுக்கு."

"எந்த கிரவுண்டு? நம்ம ஊர்ல கிரவுண்டு ஏது?"

அந்த நகர் பேரைச் சொன்னால் ஒரு நிமிசத்தில் வேலை முடிந்துவிடும். சொல்ல மாட்டேன். பேக்டரி, அதற்குப் பின்னால், நீலப் பனியன் டீம் ஆடின இடம், ஒருத்தன் பேனருக்கு முன்னால நின்னு போட்டோ பிடிச்சிட்டு வித்துட்டுப் போன இடம் என்று முழுக்கச் சொல்வேன். சில பேர் சிரிப்பார்கள். சில பேர், "அவரு குடுத்தார்னுலா எங்க தாத்தா சொல்லுவாவ" என்பார்கள்.

"ஒங்க தாத்தா அன்னைக்குக் கேசரி தின்னாரு" என்பேன். "வண்டிய எடு."