காப்புக் கட்டிய வாரத்தில் கண் ஆபரேஷன்

பியூலாவுக்குப் பேச்சுதான் பிழைப்பு. படப்பையைத் தாண்டியிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்ததிலிருந்து, வார்டில் இருந்ததைவிட வேனில் ஏறி ஊர் ஊராகப் போனதுதான் அதிகம். ஊசிக்கு அலறும் குழந்தையையும், சர்க்கரை மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளிக்கும் பெரிசுகளையும் பேசியே வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். "ரேடியோவையாவது ஆஃப் பண்ணலாம்" என்று சேலையூர் வீட்டில் அவள் புருஷன் அன்பு கையெடுத்துக் கும்பிடுவான்.

அப்பேர்ப்பட்டவளை ஒரு மஞ்சள் கயிறு மடக்கிப் போட்டது.

2006, ஆடி மாதம். கோவளம் பக்கத்துக் குப்பத்தில் கண் முகாம் நடந்தது. மீன் விற்கும் கங்கம்மாவுக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணில் புரை முற்றிப்போயிருந்தது. தள்ளிப்போட்டால் அதுவும் போய்விடும் என்றார் டாக்டர் சாவித்ரி. அவரோ வெளியூர்க்காரர், ஞாயிறு ராத்திரி ரயிலேறினால் திரும்பி வர இரண்டு மாதமாகும். சனிக்கிழமை ஆபரேஷன் என்று பியூலா அங்கேயே நாள் குறித்தாள். ஊரில் ஒருத்தரையும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அழைத்துப் போக வேன் வந்தபோது தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். கங்கம்மா மஞ்சள் கயிறு கட்டிய கையை நீட்டினாள்.

"ஆத்தாவுக்குக் காப்பு கட்டிட்டோம்மா. ஞாயித்துக்கிழமை கூழு ஊத்தி முடிக்கிற வரிக்கும் எல்லை தாண்டி ராத் தங்கக் கூடாது. கண்ணு போனா போவட்டும்."

பியூலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முன்னாடியே விசாரிக்காமல் விட்ட தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு முத்தாலம்மாள் காலிக் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அவள் கையிலும் அதே கயிறு.

"அக்கா, நீங்க மட்டும் எல்லை தாண்டிப் போயிட்டு வரீங்க?"

"பகல்ல போனா இன்னா? வெளக்கு வைக்கிறதுக்குள்ள வூட்டாண்ட வந்துட்டோம்ல!"

பியூலா ஒரே ஓட்டமாக வேனில் ஏறி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

"ஆபரேஷன் பண்ணின அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறதா? ராத்திரி யார் பார்த்துப்பாங்க?" என்றார் சாவித்ரி.

"நான் கூடவே தங்கிக்கறேன் டாக்டர்."

"கட்டை யார் பிரிக்கறது?"

"நீங்கதான். கூழ் ஊத்தறாங்க. கருவாட்டுக் குழம்பும் உண்டாம்."

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சரி என்றார்.

சனிக்கிழமை காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பொழுது சாயுமுன் கங்கம்மா கண்கட்டோடு எல்லைக்குள் வந்து சேர்ந்தாள். ஆத்தாவுக்கும் குறையில்லை, ஆஸ்பத்திரிக்கும் குறையில்லை. பியூலா அவள் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பம்பைச் சத்தம் காதைப் பிளக்க, சுற்றிலும் குப்பமே கூடி நிற்க, டாக்டர் கட்டைப் பிரித்தார். கங்கம்மா கண்ணைச் சிமிட்டினாள். கூழ்ப் பானையைப் பார்த்தாள். தெருக்கோடியில் பளபளத்த கடலைப் பார்த்தாள். "ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டம் குலவையிட்டது. பியூலாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது.

கங்கம்மா அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, உன் கண்ணுல இப்டி தண்ணி ஊத்துது? டாக்டரம்மா, இந்தப் பொண்ணையும் வேன்ல ஏத்திக்கினு போயி இன்னான்னு பாருங்க!"