எஞ்சின் முழுங்கி

அந்தக் கதையை அவன் வாயால் கேட்க வேண்டும். தொழில் என்னவோ லிப்ட் மெக்கானிக், ஆனால் பேச்சு என்று வந்துவிட்டால் ஆளை அடித்துக்கொள்ள முடியாது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நாலு பேர் உட்கார்ந்தால் போதும், "எங்க வீட்டம்மா எஞ்சின முழுங்கின கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவான். பாலத்தின் மேல் கார் போகிறது. எஞ்சினுக்கு எண்ணெய் போகவில்லை என்று எச்சரிக்கும் எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிகிறது. 'அட, புதுசா ஒரு லைட்டு' என்று மனைவி ரசித்துக்கொண்டே ஓட்டுகிறாள். எஞ்சின் டக்டக் என்று அடிக்கிறது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, "உள்ள வாங்க" என்கிறாள். இந்த இடத்தில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். முதல் தடவை சொன்னபோது அந்தப் பாலம் சின்னப் பாலம்தான். ஒரு வருஷத்தில் அது நீண்டு நீண்டு ஆற்றைத் தாண்டி அடுத்த ஊருக்குள் போய்விட்டது.

அவளும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்வாள். நாலு பேர் முன்னால் கட்டிய புருஷனை விட்டுக்கொடுக்க முடியுமா? 'எஞ்சின் முழுங்கி' என்று பெயர் வைத்தது அவனுடைய அக்கா. பெயர் வைப்பதில் அந்த அம்மாளுக்குத் தனித் திறமை உண்டு. ஒட்டிக்கொண்டால் உரித்தாலும் வராது.

அதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. ஊசிக்காரம்மா. ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. விடிந்ததும் ஐஸ் பெட்டியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று முடித்துவிடுவாள். படுக்கையில் கிடப்பவர்கள், நடக்க முடியாதவர்கள், ஊசியைக் கண்டால் உயிரே போய்விடும் என்று நடுங்குபவர்கள், எல்லோரும் அவளுக்காகக் காத்திருப்பார்கள். "உன் கை பட்டா வலிக்கறதே இல்லம்மா" என்று சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு அன்றைக்கு முழுக்கப் போதும். ஓட்டியதோ அடிமாட்டு விலைக்கு வாங்கிய பழைய கார். கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. ஆனால் அவளை ஒருநாளும் நடுத்தெருவில் நிறுத்தியதில்லை, அந்த ஒருநாளைத் தவிர.

அன்றைக்கு நடந்தது இதுதான். நடுப் பாலத்தில் விளக்கு எரிந்தது. பின்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஒதுங்க ஒரு சாண் இடமில்லை. பாலம் முடிகிற இடம் வரை ஓட்டி, ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பினாள். அதற்குள் உள்ளே ஏதோ உடைவதுபோல் சத்தம் கேட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து உள்ளது உள்ளபடி சொன்னாள். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"லைட் எரிஞ்சதும் நிறுத்தியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

நாளாக ஆக, லாரி பின்னால் வந்தது நிஜம்தானா, நாமே பயத்தில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கதையை நூறு தடவை கேட்டால், அதற்குள் இருக்கிறவளுக்கே குழம்பிவிடும்போல.

வண்டி இல்லாததால் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதும், "வெறும் வயித்தோட வந்தீங்களா?" என்று கேட்பதும்தான் வேலை. ஒரு வருஷம் அதைச் செய்து பார்த்தாள், மனசு ஒப்பவில்லை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டபோது, அந்தச் செலவுக்கு வேறு காரே வாங்கலாம் என்று சிரித்தார்கள். ஒரு சனிக்கிழமை அவள் சொல்லிவிட்டாள்.

"நாமளே கழட்டிப் பாத்துடலாங்க. லிப்டயே தூக்கி நிறுத்தறீங்க, இது என்ன."

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நீ பக்கத்துல நின்னு எடுத்துக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான். அவள் கேட்க நினைத்ததை மட்டும் கேட்கவில்லை. எஞ்சினைத் திறந்தால் தெரிந்துவிடும் அல்லவா, கொன்றது தான்தானா என்று? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவளுக்கு அவ்வளவு அவசரம். அதே காரணத்துக்காக அவ்வளவு பயமும்.

கம்பெனியிலிருந்து அவன் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை இரவல் வாங்கி வந்தான். கார் ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் அதை மாட்டி, எஞ்சினைத் தொங்கவிட்டு, ஒரு மேஜை மேல் இறக்கினார்கள். எடுத்துக் கொடுக்க நின்றவள் இரண்டாம் நாளே சட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். எதையும் போட்டோ எடுக்காமல் கழற்றக் கூடாது. அவள் பார்க்காமல் எதையும் கழுவக் கூடாது. கழற்றிய போல்ட்டுகளைக் குவியலாகப் போடக் கூடாது. அதற்காகப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் கொண்டுவந்தாள், சிறுநீர் பிடித்துக் கொடுப்பார்களே, அந்த டப்பாக்கள்தான், புதியவை. ஒவ்வொன்றிலும் அச்சடித்த சீட்டு. பெயர் என்ற இடத்தில் 'தண்ணீர் பம்ப்' என்று எழுதினாள். வயது என்ற இடத்தைக் காலியாக விட்டாள். டப்பாக்கள் சுவர் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்தன.

"எஞ்சினுக்குச் சர்க்கரை இருக்கான்னு பாக்கப் போறியா?" என்று அவன் கிண்டலடித்தான். ஆனால் சட்டத்தை மீறவில்லை. பல வருஷங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே வேலையில் கை வைத்திருந்தார்கள், அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் பேசிக்கொண்டே இருப்பான், அவள் எழுதிக்கொண்டே இருப்பாள்.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தட்டுக்குச் சேம்பர் என்று பெயர். அதைக் கழற்றிய அன்று அவளுக்கு போன் வந்தது. ரிப்போர்ட் மாறிப்போய்விட்டது என்று கூடத்தில் ஒரே ரகளை. உள்ளே போய்ப் பேசி முடித்துத் திரும்பி வந்தபோது, சேம்பருக்குள் இருந்த எண்ணெய் உறிஞ்சும் சல்லடை செய்தித்தாள் மேல் பளபளவென்று கிடந்தது. சுற்றிலும் எல்லாம் கரிப்பிசுக்கு, அது ஒன்று மட்டும் துலக்கிவைத்த பாத்திரம்போல.

"போட்டோ எடுக்கலியே" என்றாள்.

"அது வெறும் சல்லடம்மா. அதுல என்ன இருக்கு. கழுவிட்டேன்."

இருபது வருஷத்தில் குடித்த டம்ளரைக் கழுவி வைக்காத மனிதன். அன்றைக்கு அவன் அதிகம் பேசாததையும் அவள் கவனித்தாள்.

அடுத்த ஞாயிறு, பாகங்களைக் கழுவிய அழுக்கு மண்ணெண்ணெயை மறுபடி உபயோகிக்கலாமே என்று பழைய துணியில் ஊற்றி வடிகட்டினாள். அடியில் சேறுபோல் கரி தங்கியது. அதற்கு நடுவில் சிவப்பாக ஏதோ கிடந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். ரப்பர்போல் இழுபட்டது. பெரிய துண்டு ஒன்று, துணுக்குகள் நிறைய. பெரிய துண்டின் ஒரு பக்கத்தில் சல்லடைக் கண்களின் அச்சு அப்படியே பதிந்திருந்தது.

அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும். கார் நிற்பதற்கு முந்தின வருஷம் சேம்பரில் எண்ணெய் கசிந்தபோது, "இதுக்கெல்லாம் ஒர்க்‌ஷாப் எதுக்கு?" என்று அவனே கழற்றி, விளிம்பில் கசிவை அடைக்கும் சிவப்புக் கம் பூசி மாட்டினான். சப்பாத்திக்கு ஜாம் தடவுவதுபோல் தாராளமாகப் பூசினான். இறுக்கும்போது அதிகப்படி கம் வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்தான். உள்ளே பிதுங்கியதை யார் பார்த்தார்கள்? அது காய்ந்து, உதிர்ந்து, எண்ணெயோடு போய்ச் சல்லடையை அடைத்துக்கொண்டது. எண்ணெய் கிடைக்காமல் எஞ்சின் உள்ளே மாதக்கணக்காகக் காய்ந்திருக்கிறது. லேத் பட்டறைக்காரர்கூட, கடைசலுக்குக் கொடுத்த கிராங்க் தண்டைத் திருப்பிப் பார்த்து, "இது ஒரு நாள்ல வந்த தேய்மானம் இல்ல" என்றுதான் சொன்னார். அப்போது கணவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது இப்போது ஞாபகம் வந்தது.

முதலில் வந்தது கோபம் இல்லை. கையில் அந்தத் துணியோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் இல்லை, நான் இல்லை என்று மனசு அரற்றியது. லாரி வந்தது நிஜம்தான், இடமில்லாதது நிஜம்தான். ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. கோபம் அதற்குப் பிறகு வந்தது, சாவகாசமாக, முழுசாக. கம் பூசியதற்கு அவள் கோபப்படவில்லை. அது தெரியாமல் செய்தது. சல்லடையைக் கழுவியது தெரிந்து செய்தது அல்லவா?

சிவப்புத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். பெயர் என்ற இடத்தில் 'சல்லடை' என்று எழுதினாள். மற்ற டப்பாக்களோடு வரிசையில் வைத்தாள். கேட்கலாம், சண்டை போடலாம், அக்காவுக்கு போன் போடலாம். எதையும் செய்யவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

கிராங்க் பட்டறையிலிருந்து வந்தது. புது பேரிங், புது ரிங் எல்லாம் வந்தன. மாட்டும் வேலை தொடங்கியது. அவன் இறுக்குவான், அவள் அளவு பார்த்துச் சொல்வாள், இறுக்கிய போல்ட்டில் நெயில் பாலிஷால் பொட்டு வைப்பாள். ஒவ்வொரு டப்பாவாகக் காலியாகிக் கீழே இறங்கியது. அவன் கை வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வரும், அந்த ஒன்றை மட்டும் தாண்டிப் போகும். அவன் அதைப் பார்த்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாரங்களில் அவன் ஒரு கதைகூடச் சொல்லவில்லை. வீடு வீடாகவே இல்லை.

கடைசியில் சேம்பரை மூட வேண்டிய நாள் வந்தது. அலமாரியில் மிஞ்சியிருந்தது இரண்டு டப்பா. சேம்பர் போல்ட் ஒன்றில், இன்னொன்றில் அது. அவன் புதுக் கம் டியூபை எடுத்து மூக்கை வெட்டினான். விளிம்பில் வைக்கப் போன கை நின்றுவிட்டது.

"நீயே பூசு" என்று அவளிடம் நீட்டினான்.

"எவ்வளவு?"

"கொஞ்சமா. நூல் மாதிரி. ஜாஸ்தியானா உள்ள உதிரும்." எஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போன தடவ நான் ஜாஸ்தியா பூசிட்டேன். அதான் அடச்சுக்கிச்சு. உன் மேல தப்பு இல்ல."

"கழுவினது எதுக்கு?"

"என்னமோ கை தன்னால போயிடுச்சு. ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாச்சு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னு... நீ கத்தியிருந்தாக்கூடப் பரவால்ல. சும்மாவே இருந்தியே, அதான் தாங்க முடியல."

அவள் நூல்போலக் கம்மைப் பூசி முடித்தாள். பிறகுதான் பேசினாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. ஊரெல்லாம் சொன்னத யாரு திருப்பி வாங்கறது?"

"நான்தான் வாங்கணும்" என்றான். அதை மனசாரத்தான் சொன்னான், அதில் சந்தேகமில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் எஞ்சின் காருக்குள் போய், கொஞ்சம் இருமி, புகை கக்கி, பிறகு சீராக ஓடியது. எண்ணெய் விளக்கு அணைந்ததைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. அக்கா பார்க்க வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, "யாருடா ஓட்டப் போறா? எஞ்சின் முழுங்கிகிட்ட மட்டும் சாவியக் குடுத்துடாத" என்றார்.

அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, அது அவ தப்பில்ல. நான் பூசின கம்தான் சல்லடைய அடச்சிடுச்சு. இதப் பாரு, இதான் அது." பேச்சில் மன்னன் அன்றைக்குத் திக்கித் திணறினான். கம், சேம்பர், சல்லடை என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினான்.

அக்கா டப்பாவைப் பார்க்கவே இல்லை. தம்பியைத்தான் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"பாத்தியாம்மா இவன" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்டாட்டிய ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறான். குடுத்து வச்சவ நீ. இனிமே வண்டிய பாத்து ஓட்டும்மா."

"அக்கா, நான் சத்தியமாச் சொல்றேன்."

"தெரியும்டா, தெரியும். உன் மனசு எனக்குத் தெரியாதா?"

அக்கா போன பிறகு அவன் விடவில்லை. கம்பெனி நண்பர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டான். ஒருவன், "அண்ணி பக்கத்துல நிக்கறாங்களா? இருமிக் காட்டு, புரிஞ்சுக்கறேன்" என்றான். இன்னொருவன், வீட்டில் செம மாத்து விழுந்ததா என்று கேட்டுச் சிரித்தான். சொல்லச் சொல்ல அவன் நல்ல புருஷன் ஆகிக்கொண்டே போனான். அவள் எஞ்சின் முழுங்கியாகவே இருந்தாள். மறுநாள் காலைச் சுற்றுக்காக அவள் ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி போனை வைத்துவிட்டு அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். முகம் இருண்டு போயிருந்தது.

"நடந்தத நடந்தபடி சொல்றேன். ஒருத்தன்கூட நம்ப மாட்டேங்கறான்."

அவள் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு நானும் அப்படித்தாங்க சொன்னேன்" என்றாள்.